அடுத்து வரப்போகும் குழந்தை

ஸ்டிக்கர் அக்காவின் வேலையைச் சுருக்கிச் சொன்னால் நாலு வாக்கியம். "உனக்கு அப்புறம் இன்னொரு குழந்தை இங்க வரும். அந்தக் குழந்தைக்கு ஸ்டிக்கர் எதுவும் கிடைக்காது. உனக்கு இஷ்டம்னா உன்னோடதுல இருந்து கொஞ்சம் இந்தப் பெட்டியில போடலாம். இஷ்டம் இல்லைன்னா போட வேண்டாம்." ஒன்பது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். 'போடலாம்' என்னும்போது குரல் ஏறக் கூடாது, 'வேண்டாம்' என்னும்போது இறங்கக் கூடாது. குரல் ஒரு நூல் சாய்ந்தாலும் குழந்தை பிடித்துவிடும். பெரியவர்களுக்கு எது பிடிக்கும் என்று மோப்பம் பிடிப்பதில் ஐந்தாறு வயதுக்காரர்களை மிஞ்ச இன்னும் யாரும் பிறக்கவில்லை.

அந்த இன்னொரு குழந்தையும் பிறக்கவில்லை. அதுதான் இதில் சூட்சுமம். அப்படி ஒரு குழந்தை கிடையாது, வரவும் வராது. பிள்ளை எந்த வயதில் அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்குகிறது, யாரும் பார்க்கவில்லை என்றாலும் கொடுக்குமா, வளர வளர கை தாராளமாகிறதா இறுகுகிறதா என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஐந்தாறு வயதில் பிடித்த பிள்ளைகளை மீசை அரும்பும் வரைக்கும் விடாமல் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே, அதற்காக ஒரு குழந்தையை உண்டாக்கிவிட்டார்கள். இல்லாத குழந்தையைப் போல வசதி வேறு எதுவும் இல்லை. நேரத்துக்கு வரவில்லை என்ற கவலை இல்லை, மூக்கு ஒழுகாது, பாதியில் 'பாத்ரூம்' என்று எழுந்து நிற்காது.

ஆய்வுக்கூடம் பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்டை விட்டு இறங்கினால் ஒரு நடைகூடம், அதில் ஒரு நீண்ட பெஞ்சு, அதற்கு எதிரே இரண்டு கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால் குட்டி மேசை, குட்டி நாற்காலிகள், நீலப் பெட்டி, சுவரில் பெரிய கண்ணாடி. இன்னொரு கதவுக்குப் பின்னால் அதே கண்ணாடியின் முதுகு. அங்கே இருந்து பார்த்தால் விளையாட்டு அறை முழுக்கத் தெரியும். கேமராக்காரரும் பிள்ளையைக் கூட்டிவந்த பெற்றோரும் அங்கேதான் உட்காருவார்கள். "நீ முடிச்சதும் சொல்லு, நான் திரும்பி உக்காந்துக்கறேன், பார்க்கவே மாட்டேன்" என்று ஸ்டிக்கர் அக்கா குழந்தையிடம் சத்தியம் செய்யும் அறையில் இரண்டு கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் வகுத்தவர் பேராசிரியர். எதைக் கேட்டாலும் "வழிமுறை என்ன சொல்லுது?" என்று திருப்பிக் கேட்பார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'வழிமுறை மேடம்'. கெட்டவர் இல்லை. தும்மினால்கூட வரிசைப்படி தும்ம வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

அன்று காலை வந்தது ஒரு ஆறு வயதுப் பெண். குழந்தைகளுக்குக் காகிதத்தில் எண்தான், பெயர் கிடையாது. எண்ணை வைத்துக்கொண்டு யாரை நினைவு வைக்க முடியும்? அதனால் ஸ்டிக்கர் அக்கா மனசுக்குள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வாள். இவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. 'ஓட்டைப்பல்' என்று முடிவானது.

ஓட்டைப்பல்லின் அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். சீருடையோடு வந்திருந்தாள், இங்கே முடித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்படியே பகல் ஷிஃப்ட்டுக்கு ஓட வேண்டும். பெற்றோருக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்: வரப்போகும் குழந்தை சும்மா, பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள் என்று. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமல் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு போட்டாங்கறதை எங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"இல்லைங்க, சொல்ல மாட்டோம். கண்ணாடி வழியா நீங்களே பார்க்கலாம். ஆனா இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்லை."

அம்மா மகளை ஒருமுறை பார்த்தாள். மகள் சற்றுத் தள்ளி நின்று லிஃப்ட் பொத்தானின் விளக்கு அணைந்து எரிவதைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள். அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இவங்கப்பா கையை விட்டு எதுவும் போகாதுங்க. எங்களை விட்டுப் போகும்போது இவ தூங்கற ரூம்ல இருந்த ராத்திரி விளக்கைக்கூடக் கழட்டி எடுத்துட்டுப் போனார். அவர் வாங்கினதாம். எனக்கு ஒரே பயம், இவளும் அப்படி வந்துடுவாளோன்னு. அதான் நீங்க கூப்பிட்டதும் லீவு கேட்டாவது வரணும்னு நினைச்சேன்."

இதற்கு வழிமுறையில் பதில் இல்லை. "பயப்படாதீங்க" என்று ஸ்டிக்கர் அக்கா பொதுவாகச் சொல்லிவைத்தாள். ஆராய்ச்சிக்கு வருகிற அம்மாக்களில் பாதிப் பேர் ஆராய்ச்சிக்காக வருவதில்லை, ஜாதகம் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது அவளுடைய நெடுநாள் அபிப்பிராயம்.

உள்ளே தட்டில் ஸ்டிக்கர்கள் பரப்பியிருந்தன. அதில் பிடித்த பத்தைக் குழந்தையே பொறுக்கிக்கொள்ள வேண்டும். பிடிக்காததைக் கொடுத்தால் அது கொடை ஆகாது, குப்பை தள்ளுவதாகிவிடும் அல்லவா? மின்னுகிற மீன், கிளி, தும்பிக்கை தூக்கின யானை எல்லாம் பறந்துவிடும். ஓர் ஆமை மட்டும் எப்போதும் தட்டிலேயே கிடக்கும். பழுப்பு நிறம், அச்சடித்தவனின் கைவண்ணத்தில் உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். ஓட்டைப்பல் தட்டைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, முதலில் அதைத்தான் எடுத்தாள். அப்புறம் நிதானமாக மற்ற ஒன்பது.

ஸ்டிக்கர் அக்கா நாலு வாக்கியத்தையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

"அந்தக் குழந்தை பையனா, பொண்ணா?" என்றாள் ஓட்டைப்பல்.

"எனக்குத் தெரியாது."

"பேரு?"

"தெரியாது."

"அதுக்கு என்ன பிடிக்கும்?"

முதல் இரண்டும் குழந்தைகள் அவ்வப்போது கேட்பதுதான்; வழிமுறையில் பதில் இருந்தது. மூன்றாவதை இதற்கு முன் யாரும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. அதற்கும் அதே பதிலைக் கொடுத்தாள். "தெரியாது. நான் திரும்பி உக்காந்துக்கறேன். முடிச்சதும் சொல்லு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தச் சுவரில் பெயின்ட் உரிந்த இடம் ஒன்று உண்டு. முதல் வருடம் பட்டாணி அளவு இருந்தது, இப்போது உள்ளங்கை அளவு. பின்னால் காகிதம் சரசரத்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. "ம்" என்றாள் ஓட்டைப்பல்.

திரும்பிப் பார்த்தால் மேசை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பத்தும் கவுன் பையில். நீலப் பெட்டி காலி. ஸ்டிக்கர் அக்கா காகிதத்தில் பூஜ்யம் என்று குறித்தாள். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. பூஜ்யம் நிறையப் பேர் போடுவார்கள். அது ஓர் எண், திட்டு இல்லை என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள்.

அம்மாவுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் அவள் நடைகூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு போட மனசு வரலையாடி உனக்கு? பத்து இருந்துச்சே. ஒண்ணு!"

ஓட்டைப்பல் தன் ஷூவின் நுனியைப் பார்த்தாள்.

"அப்படியே அவங்கப்பா" என்றாள் அம்மா, யாரிடம் என்று இல்லாமல்.

"இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்லைங்க" என்றாள் ஸ்டிக்கர் அக்கா.

"உங்களுக்கு இல்லை."

சொல்லிவிட்டு அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள். மகள் கையை உருவிக்கொண்டு போய் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையில் படவில்லை.

"எழுந்திரு. எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு."

"நான் வரலை."

"ஏன்?"

"அந்தக் குழந்தை வரட்டும்."

இது ஸ்டிக்கர் அக்காவுக்குப் புதிது. ஒன்பது வருடத்தில் பிள்ளைகள் நிறையப் போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் போட்டிருக்கிறார்கள், ஒருவன் பெட்டியில் தான் போட்டதையே திரும்ப எடுக்கப் பார்த்திருக்கிறான். முடிந்ததும் எல்லாரும் கதவைத் தாண்டி ஓடிவிடுவார்கள். உட்கார்ந்து காத்திருந்தவர் எவரும் இல்லை. அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரப்போவது யாரும் இல்லை என்பது அந்த நடைகூடத்தில் இரண்டு பேருக்குத் தெரியும், மூன்றாவது ஆள் காலை ஆட்டிக்கொண்டு லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வரணும்? கொடுக்காம எடுத்து வெச்சுக்கிட்டதைக் காட்டி அதைக் கடுப்பேத்தவா?" என்றாள் அம்மா.

மகளின் வாய் இறுக மூடிக்கொண்டது. கெஞ்சியாயிற்று, அதட்டியாயிற்று, 'நான் போறேன், நீ இங்கேயே இரு' என்று லிஃப்ட் வரைக்கும் நடந்தும் காட்டியாயிற்று. உலகத்தில் எந்த அம்மாவும் அதற்கு மேல் போனதில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும்.

ஸ்டிக்கர் அக்கா கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போய் பேராசிரியருக்கு போன் போட்டாள். கேமராக்காரர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப்போட்டுக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"வழிமுறை என்ன சொல்லுது?" என்றார் மேடம்.

"இதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை மேடம். யாரும் உக்காந்துக்குவாங்கன்னு நாம எழுதவே இல்லை."

வழிமுறையில் ஓட்டை இருப்பது மேடத்துக்குப் பல்வலி மாதிரி. "உண்மையைச் சொல்லிடாதே. அவ இன்னும் பத்து வருஷம் நம்மகிட்ட வரணும். ஒரு தடவை தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் நாம எதைச் சொன்னாலும் நம்ப மாட்டா, அவ கணக்கு முழுசும் வீண். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்லு. எப்படியாவது அடுத்த குழந்தை வர்றதுக்குள்ள அவங்களை அனுப்பிடு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்கவே கூடாது."

"சரி மேடம்."

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடியப்போகுது" என்றார் கேமராக்காரர் உற்சாகமாக.

ஸ்டிக்கர் அக்கா நடைகூடத்துக்கு வந்து ஓட்டைப்பல்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலையில் சொல்லும் பொய் அவளுக்கு என்றைக்கும் பொய்யாகப் பட்டதில்லை. அது அறைக்குள் இருந்தது, மேசை மேல் இருந்தது, பெட்டி மாதிரி அதுவும் ஒரு சாமான். வெளியே, பெஞ்சில், ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப்போகும்போது அது பொய்யாகப் பட்டது.

"கண்ணு, அந்தக் குழந்தைக்குக் காய்ச்சலாம். இன்னிக்கு வராதாம்."

ஓட்டைப்பல் யோசித்தாள். "பாவம்" என்றாள். மேலும் யோசித்தாள். "அது வீடு எங்க இருக்கு? நாங்க போற வழியிலயா?"

"தெரியாதும்மா."

"பேரும் தெரியாதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்போ காய்ச்சல்னு யாரு சொன்னா?"

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள்; ஸ்டிக்கர் அக்காவுக்கு இரண்டாவதே கைவசம் இல்லை. பாதி திறந்திருந்த கதவுக்குப் பின்னால் கேமராக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அம்மா இதுவரை மகளை முறைத்துக்கொண்டிருந்தவள், இப்போது ஸ்டிக்கர் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை நன்றாக இல்லை.

பிறகு அம்மா மகளின் முன்னால் போய்க் குனிந்து நின்றாள். குரலில் இருந்த காரம் கொஞ்சம் குறைந்திருந்தது. அலுப்பாகவும் இருக்கலாம். "அப்படி என்னடி குட்டி உனக்கு அந்தக் குழந்தைகிட்ட வேலை?"

"கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"எது வேணும்னு." ஓட்டைப்பல் கவுன் பையிலிருந்து பத்தையும் எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். "பெட்டியில போட்டா எனக்கு எப்படித் தெரியும், அதுக்கு எது பிடிக்கும்னு? நான் யானை போட்டு, அது யானைன்னா பயப்படற குழந்தையா இருந்தா? இந்த அக்காகிட்ட கேட்டேன். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியலை." கடைசி வாக்கியத்தைப் புகாராக இல்லாமல், நிலவரமாகச் சொன்னாள். "கேட்டுட்டுதானே கொடுக்கணும்?"

அம்மா நிமிர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டவளின் முதுகைப் பார்த்தால் போதும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஸ்டிக்கர் அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே காகிதத்தில் இந்தப் பிள்ளைக்கு எதிரே ஒரு பூஜ்யம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து எவராவது அதை எடுத்துப் பார்த்து, ஆறு வயதில் இவளுக்கு அடுத்தவர் நினைப்பே இல்லை என்று கோடு கிழித்துப் படம் போடுவார். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தைப் பெட்டியில் தள்ளிவிட்டு ஓடிய பிள்ளைகள் எல்லாம் அந்தப் படத்தில் இவளுக்கு மேலே நிற்பார்கள். ஒன்பது வருடமாக எத்தனை பூஜ்யங்களைக் குறித்தோம், அதில் எத்தனை பூஜ்யம், எத்தனை கேள்வி என்று அவளுக்குத் தெரியவில்லை. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அப்போதுதான் தீர்மானித்தாள். மேடம் என்ன சொன்னாலும் சரி. இந்தப் பெஞ்சில் இந்தப் பிள்ளையை இல்லாத ஓர் ஆளுக்காக இன்னும் ஒரு நிமிடம் உட்கார வைக்க அவளால் முடியாது. அவள் எழுந்து வந்து பெஞ்சின் முன்னால் மண்டிபோட்டு, முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

"கண்ணு, நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் குழந்தை..."

லிஃப்ட் மணி அடித்தது. கதவு திறந்தது. டிரைவர் சீருடையில் ஓர் அப்பாவும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையனும் வெளியே வந்தார்கள். பையனின் ஷூவில் நடக்க நடக்க விளக்கு எரிந்தது. அடுத்த முறைக்காரன், அவனுடைய நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்து நின்றான். "டிராஃபிக்கே இல்லைங்க, சீக்கிரம் வந்துட்டோம். பரவாயில்லையா?" என்றார் அப்பா.

"வந்துடுச்சு!" ஓட்டைப்பல் பெஞ்சிலிருந்து குதித்தாள். "காய்ச்சல் சரியாயிடுச்சா?"

"எனக்குக் காய்ச்சல் இல்லையே" என்றான் லைட்டு ஷூ.

கேமராக்காரர் கதவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி இரண்டு கையையும் ஆட்டினார். தடுங்கள், தடுங்கள் என்று அர்த்தம். தடுக்க ஸ்டிக்கர் அக்காவுக்கு ஒரு வார்த்தை போதும். "இது வேற குழந்தை" என்று சொல்லலாம். சொல்ல வாயையும் திறந்தாள். எப்படி வேறு குழந்தை? உனக்கு அப்புறம் ஒரு குழந்தை வரும் என்று சொன்னாள். இதோ, இவளுக்கு அப்புறம் ஒரு குழந்தை வந்து நிற்கிறது. போனில் மேடமே சொன்னார், அடுத்த குழந்தை வருவதற்குள் அனுப்பிவிடு என்று.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக இருந்தது. ஒன்பது வருடமும், ஒவ்வொரு நாளும், ஒரு பிள்ளை போனதும் இன்னொரு பிள்ளை இதே லிஃப்டில் ஏறி வந்துகொண்டுதான் இருந்தது. இவர்கள் பெட்டியில் விழுந்ததையெல்லாம் தட்டில் திரும்பக் கொட்டிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உனக்கு அப்புறம் ஒரு குழந்தை வரும் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்து போகும்போது முந்தின பிள்ளை போட்டதை இந்தப் பிள்ளையின் கையில் கொடுத்திருந்தால் எந்தக் கணக்கும் கெட்டிருக்காது. படித்தவர்கள் இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து, தேவையே இல்லாத ஒரு பொய்யை வருடக்கணக்காகப் பாலூட்டி வளர்த்திருந்தார்கள். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஓட்டைப்பல் பத்தையும் பெஞ்சில் வரிசையாக அடுக்கினாள். "உனக்கு எது பிடிக்கும்? எடுத்துக்கோ."

லைட்டு ஷூவுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. யானையை எடுத்தான். யானைக்கு அவன் பயப்படவில்லை. கிளியை எடுத்தான், லாரியை எடுத்தான், ராக்கெட்டை எடுத்தான். ஒவ்வொன்றும் போகும்போது ஓட்டைப்பல்லின் கண்ணும் கூடவே போயிற்று. மின்னுகிற மீன் போனபோது கீழுதடு கொஞ்சம் துடித்தது. ஆனால் 'போதும்' என்று சொல்லவில்லை. கேட்டவள் அவள்தானே. அவனுடைய அப்பா, "டேய், போதும்டா, அந்தப் பொண்ணுக்கு வேண்டாமா?" என்று தோளைத் தட்டிய பிறகுதான் நிறுத்தினான். பெஞ்சில் மிச்சம் இருந்தது மூலை மடங்கிய ஒரு வண்ணத்துப்பூச்சியும் ஆமையும்.

"ஆமை வேண்டாமா?" என்றாள் ஓட்டைப்பல், நம்ப முடியாமல்.

"அது ஆமையா?" என்றான் அவன்.

அவள் ஆமையை அவசரமாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள், மனசு மாறிவிடுவான் என்று பயந்த மாதிரி. வண்ணத்துப்பூச்சியின் மூலையை நகத்தால் நீவிவிட்டு அதையும் போட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவின் கையை அவளாகவே பிடித்தாள். "போலாம்மா."

அம்மா நகரவில்லை. காலி பெஞ்சைப் பார்த்தாள், எட்டு ஸ்டிக்கரோடு நிற்கிற பையனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். சற்று முன்னால் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்று கொதித்தவள்தான்.

"நல்லதா இருந்தது எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கறியேடி. இப்படியா ஒருத்தி ஏமாளியா இருப்பா?"

"நான் ஏமாறலையே. நான்தானே எடுத்துக்கச் சொன்னேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. சீருடையின் கைப்பகுதியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டிக்கர் அக்காவைப் பார்த்துச் சொன்னாள்: "அப்படியே என்னை மாதிரிங்க."

தாயைப் போல பிள்ளை என்று பழமொழி சொல்லும். அதைச் சொல்லும்போது ஒருத்தி இவ்வளவு பயப்படுவாள் என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை. அப்பாவைப் போல இருந்தால் ஊர் இவளுக்குப் பயப்பட வேண்டும். அம்மாவைப் போல இருந்தால் இவளுக்காக அம்மா பயப்பட வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பாள் ஒருத்தி? ஸ்டிக்கர் அக்காவின் ஆராய்ச்சியில் அதற்கும் பதில் இல்லை.

"ரெண்டு பேர் மாதிரியும் இல்லைன்னு நினைக்கறேங்க" என்றாள் அவள். வழிமுறையில் இல்லாத வாக்கியம். கேமராக்காரர் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

லிஃப்ட் கதவு மூடும்போது ஓட்டைப்பல், "காய்ச்சல் பொய்தானே?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, தெரிந்துவைத்துக்கொள்வதற்காக.

"ஆமா, பொய்" என்றாள் ஸ்டிக்கர் அக்கா. கதவு மூடிவிட்டது. அடுத்த தடவை கூப்பிட்டால் அவர்கள் வருவார்களா என்று தெரியவில்லை. வராவிட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"பையன் கணக்கும் போச்சு" என்றார் கேமராக்காரர். "கையில எட்டு வெச்சிருக்கான். யாரோ கொடுத்துப் பார்த்துட்டான். மேடம் ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்க. உங்களையும் சேர்த்துத் தூக்காம இருந்தா சரி. பேசாம இவங்களைத் திருப்பி அனுப்பிடலாமா?"

"வேலையைப் போட்டுட்டு வந்திருக்காங்க. நடத்துவோம். வீண்னு எழுதிக்கலாம்."

லைட்டு ஷூ குட்டி நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டி விளக்கு எரிய வைத்தான். தட்டிலிருந்து பத்தைப் பொறுக்கினான். ஆமையின் இடம் இன்றைக்குக் காலியாக இருந்ததால் அதை ஒதுக்கும் சிரமம் அவனுக்கு இல்லை. ஏற்கெனவே சம்பாதித்த எட்டையும் சேர்த்து மேசையில் கடை விரித்தான். ஸ்டிக்கர் அக்கா பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, குரல் ஏறாமல் இறங்காமல் ஆரம்பித்தாள். "உனக்கு அப்புறம் இன்னொரு குழந்தை இங்க வரும். அந்தக் குழந்தைக்கு ஸ்டிக்கர் எதுவும் கிடைக்காது. உனக்கு இஷ்டம்னா..."

"தெரியும், இப்போ நான் வந்த மாதிரிதானே?" என்றான் அவன். எல்லாவற்றையும் வாரிச் சட்டைப் பையில் திணித்தான். கொள்ளாததைக் கையில் பிடித்துக்கொண்டான். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்காலியை விட்டு இறங்கினான். "நான் வெளியில உக்காந்திருக்கேன். அந்தக் குழந்தை எப்போ வரும்?"

கண்ணாடிக்குப் பின்னால் கேமராக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. பெட்டி காலி. இன்னொரு பூஜ்யம். அவள் சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். மத்தியானத்துக்கு ஒரு பிள்ளையின் எண் இருந்தது.

"ரெண்டு மணிக்கு வரும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவன் கதவுவரை போய்த் திரும்பினான். "அதுக்கு என்ன பிடிக்கும்?"

"தெரியாது" என்றாள் ஸ்டிக்கர் அக்கா. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். "வந்ததும் கேப்போம்."